மூன்றாவது தையல்

ஜெசிந்தா என் ஜாக்கெட்டின் வலது கையை உட்புறம் வெளியே வரும்படி புரட்டி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, துணியின் ஓரத்தை நகத்தால் ஒரு முறை கீறிப் பார்த்தாள். மெஷினில் மாட்டியிருந்த நூல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ கடுகு தாளித்தார்கள்.

"இனிப் பிரிக்கறதுக்கு இதுல தையல் இல்லீங்க்கா" என்றாள்.

பெண்களுக்கு இது தெரியும். ஆண் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஜாக்கெட் கையின் உள்ளே கொஞ்சம் துணி மிச்சம் விட்டு, அடுத்தடுத்து மூன்று வரித் தையல் ஓட்டியிருப்பார்கள். உடம்பு பூசினால் முதல் வரியைப் பிரித்துக்கொள்ளலாம். அரை விரல் இடம் கிடைக்கும். இன்னும் பூசினால் இரண்டாவது வரி. மூன்றாவதுதான் கையைக் கையாகப் பிடித்து வைத்திருப்பது. அதற்கப்பால் துணியின் விளிம்பு. விளிம்புக்கு அப்பால் ஒன்றுமில்லை.

ஐந்து மாதத்தில் நான் இரண்டு வரிகளைப் பிரிக்கச் சொல்லியிருந்தேன்.

மேஜை மேல் மாந்தளிர் நிறத்தில் பட்டுத்துணி மடித்தபடி கிடந்தது. என் தம்பி குமரேசனின் கல்யாணத்துக்கு நான் போட்டுக்கொள்ள வேண்டிய ஜாக்கெட். இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதற்கு அளவு ஜாக்கெட்டாகத்தான் இந்தப் பழையதைக் கொண்டுவந்திருந்தேன். எங்கள் பக்கம் யாரும் உடம்பில் டேப்பை வைத்து அளவு கொடுப்பதில்லை. பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். அது நம்மைவிட நம்மை நன்றாக அறியும் என்று ஒரு நம்பிக்கை.

"இதைப் போட்டுக் காட்டுங்க" என்றாள் ஜெசிந்தா.

"எதுக்கு? அதான் அளவு இருக்குதே."

"போட்டுக் காட்டுங்கன்னா போட்டுக் காட்டுங்க. உள்ள போங்க."

இடது கை சொன்னது

கணபதி என்கிற எங்கள் பகுதியில், பட்டறைகள் வரிசையாக இருக்கும் தெருவில், முன்பு கார் நின்ற ஷெட்தான் ஜெசிந்தாவின் தையல் கடை. சுவரில் மாதா படம், அதன் கீழே பிளாஸ்டிக் ரோஜா, அதற்கும் கீழே கொக்கி கட்ட வேண்டிய ஜாக்கெட்டுகளின் குவியல். வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றால் செவ்வாய்க்கிழமை தருவாள். மற்றபடி பொய் சொல்ல மாட்டாள். மற்றவர்களின் பொய்யையும் அவளிடம் நிறுத்தி வைக்க முடியாது.

திரைக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டு வந்தேன். வலது கை முழங்கைக்கு மேல் ஏறி நின்றுகொண்டது. இழுத்துவிட்டேன். இடது கை தோளிலிருந்து தொங்கியது.

ஜெசிந்தா இடது கைக்குள் இரண்டு விரலை விட்டு ஆட்டினாள். "இது காத்தாடுது." வலது கைக்குள் விரலை நுழைக்கப் பார்த்தாள். நகம்கூடப் போகவில்லை. "இது பிடிக்குது."

"சதை போட்டிருச்சு ஜெசிந்தா. அதான் ரெண்டு கையையும் பிரிக்கச் சொன்னேன்."

"சதை போட்டா ரெண்டு கையிலயும் போடோணுமுங்க. ஒரு கையில மட்டும் எப்படீங்க போடும்?"

"வலது கையிலதான எழுதறேன்."

"நானுந்தான் இருவத்திமூணு வருசமா வலது கையில கத்திரி புடிக்கறேன். என்ற கை என்ன தூணாட்டவா இருக்குது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. பட்டுத்துணியை எடுத்து என் பைக்குள் திரும்பத் திணித்தாள்.

அவளுக்குத் தெரியும். எங்கள் வீட்டைத் தாண்டி அந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். என் ஜாக்கெட்டுகளின் வலது பக்கம் உள்ளே, பஞ்சு வைத்த உறையைச் செருகிக்கொள்வதற்கு ஒரு பை தைத்துத் தந்தவள். முதல் முறை அதைத் தைத்துக் கொடுத்தபோது ஒன்றுமே கேட்கவில்லை. கூலியும் வாங்கவில்லை. "இது ஒரு தையலாங்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

அவளிடம்தான் ஐந்து மாதமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு கையை மட்டும் பிரிக்கச் சொன்னால் கேட்டுவிடுவாள் என்று இரண்டு கையையும் பிரிக்கச் சொன்னேன். வலது கை தன் வீக்கத்தை மறைத்துக்கொண்டது. இடது கை, பாவம், வெறும் காற்றை வைத்துக்கொண்டு எத்தனை நாளைக்கு நடிக்கும்?

பிரிட்ஜ் கதவில் ஒரு காகிதம்

நான்கு மழைக்காலத்துக்கு முன் வலது மார்பை எடுத்தார்கள். கூடவே அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். பிறகு கதிர்வீச்சு. ஊருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொன்னோம். கர்ப்பப்பை என்றால் ஊர் அதற்கு மேல் கேட்காது.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு காகிதம் கொடுத்தார்கள். வலது கையில் ஊசி வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம், பிரஷர் பார்க்க வேண்டாம். வெட்டுக்காயம், தீக்காயம், கொசுக்கடி, பூனைக்கீறல் எதுவும் படாமல் பார்த்துக்கொள்ளவும். இறுக்கமான வளையல் வேண்டாம். தோல் வறண்டுபோகாமல் தினமும் கிரீம் பூசவும். சொல்லிக்கொடுத்த கைப்பயிற்சிகளை விடாமல் செய்யவும். கை கனத்தாலோ வீங்கினாலோ உடனே வரவும்.

அதைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன். தக்காளி வடிவத்தில் ஒரு காந்தம் இருந்தது. அது கடைசி வரியின் மேல் உட்கார்ந்துகொண்டது. நான் வைத்ததா, கதவைத் திறந்து மூடியதில் தானாக நகர்ந்ததா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

முதல் வருடம் நான் நல்ல பிள்ளை. எலுமிச்சம்பழம் நறுக்கக்கூட கையுறை. பரிசோதனைக்குப் போனால், நர்ஸ் ஊசியை எடுப்பதற்கு முன்பே இடது கையை நீட்டுவேன். இரண்டாவது வருடம் கையுறை ஓட்டையானது, வேறு வாங்கவில்லை. மூன்றாவது வருடம் காகிதம் மஞ்சளாகி எண்ணெய் ஏறிப்போனது. நோய் ஒரு வாடகைக்காரரைப் போல வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டது என்று நினைத்தேன். ஒரு சாவி அவரிடமே இருப்பது மறந்துபோனது.

முதலில் கனம் தெரிந்தது வால்பாறை பஸ்ஸில். எனக்கு ஒரு பழக்கம், எழுத வராத நாட்களில் ஏதாவது ஒரு மலை பஸ்ஸில் ஏறி, வளைவுகளில் உடம்பைக் கொடுத்துவிட்டு வருவேன். அன்று உட்கார இடமில்லை. மேலே இருந்த கம்பியை வலது கையால் பிடித்தபடியே மலை முழுக்க ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் மொத்த உடம்பும் அந்த ஒரு கையில் தொங்கியது. ஜன்னலில் தேயிலையின் பச்சை வாசனை வந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

மறுநாள் குளிக்கும்போது பார்த்தேன். ஜாக்கெட் கையின் விளிம்பு புஜத்தில் ஒரு வரி பதித்திருந்தது. வழக்கமாகக் குளித்து முடிப்பதற்குள் மறைந்துவிடும் வரி. அன்று பொழுது சாய்ந்தும் மறையவில்லை.

தக்காளிக் காந்தத்தை நகர்த்திப் பார்த்திருக்கலாம். நான் ஜெசிந்தாவிடம் போய் முதல் தையலைப் பிரிக்கச் சொன்னேன்.

எதற்குப் பயந்தேன்

மறுபடியும் வந்துவிட்டது என்று நினைத்தேன். இதைத் தவிர வேறு எதையும் நினைக்க என் மூளைக்குத் தெரியவில்லை. டாக்டரிடம் போனால் அவர் அதைச் சொல்லிவிடுவார். சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும்.

அதோடு தம்பியின் கல்யாணம். குமரேசனுக்கு நாற்பத்தொன்று ஆகிறது. வெள்ளகோவிலில் முருங்கைத் தோட்டமும் தேங்காய்க் களமும் இருக்கின்றன, பெண்தான் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் இப்போது மாப்பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். தோட்டத்தில் இருக்கிற மாப்பிள்ளை வேண்டாம் என்பார்கள். தலை நரைத்துவிட்டது என்பார்கள். எல்லாம் கூடி வந்தால், தரகர் மெதுவாக இழுப்பார்: "ஊட்டுல சீக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

ஒன்பது வருடத் தேடலுக்குப் பிறகு தேன்மொழி வந்தாள். சரவணம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. முப்பத்தைந்து வயது. குமரேசன் அவளோடு போனில் பேசிவிட்டு வந்தால் முகத்தில் பத்து வயது குறைந்திருக்கும்.

மாப்பிள்ளையின் அக்காவுக்குக் கேன்சர், அதுவும் திரும்ப வந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை வெளியே போனால்? கல்யாணம் முடியட்டும். அதுவரை இந்தக் கை அப்படியே இருக்கட்டும். கையிடம் தவணை கேட்டேன்.

கல்யாணத்தில் நான் சும்மா நிற்கிற ஆளும் இல்லை. எங்கள் கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன், மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் கூடையை ஏந்தி அவன் பக்கத்தில் நின்று சீர் வாங்கிக்கொள்வாள். குமரேசனுக்கு இருப்பது நான் ஒருத்திதான்.

நன்றாக நீவிவிட்டால்

நாலாவது மாதம் கையைப் பார்த்துவிட்டுக் கேட்ட என் வீட்டுக்காரர் முத்துச்சாமியிடம், பஸ்ஸில் கம்பியைப் பிடித்ததில் சதை பிடித்துக்கொண்டது என்று சொன்னேன். பாதி உண்மை. பாதி உண்மையைச் சொல்வது முழுப் பொய்யைவிடச் சுலபம்.

"ஏம்புள்ள, இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கற? நல்லா நீவி உட்டா இறங்கிப்போகுது" என்றார்.

நல்லெண்ணெயைக் கற்பூரம் போட்டுச் சுட வைத்து, தினமும் காலையில் தோளிலிருந்து விரல் வரை அழுத்தி நீவினார். பிறகு வெந்நீர் ஒத்தடம். அவருக்குத் தெரிந்த எல்லா அன்பும் அந்தச் சூட்டில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

பத்து நாளில் இரண்டாவது தையலையும் பிரிக்க வேண்டி வந்தது.

ஷெட்டில், மறுபடியும்

"நான் கத்திரி போட மாட்டேன்" என்றாள் ஜெசிந்தா. பட்டு என் பைக்குள் இருந்தது. பையை என் இடது தோளில் அவளே மாட்டிவிட்டாள். "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க. அவங்க என்ன சொன்னாலும் சரி, வந்து சொல்லுங்க. அன்னைக்கே தெச்சுத் தாரேன்."

"நீ சொன்ன நாள்ல என்னைக்குத் தந்திருக்கற?"

"இந்த ஒண்ணு தாரேன். மாதா மேல சத்தியம்."

"வேற டெய்லர் இல்லாமயா போய்ட்டாங்க?"

"போங்க. காந்திபுரத்துல நூறு பேரு இருக்கறாங்க. அளவு ஜாக்கெட்டப் பாத்துட்டுப் பேசாமத் தெச்சுக் குடுப்பாங்க." அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "நானும் ரெண்டு தடவை பேசாமத்தான் பிரிச்சுக் குடுத்தேன். உள்ள பஞ்சுப் பை தெச்சவளுக்கு ஒரு வார்த்தை கேக்கத் தெரியல பாருங்க. அதுதானுங்க எனக்கு மனசு ஆறல."

அதற்கு மேல் நிற்க முடியவில்லை. வெளியே வந்தேன். எதிர்ப் பட்டறையில் மோட்டார் ஒன்றைச் சோதனை ஓட்டம் விட்டிருந்தார்கள். 

அன்று மதியமே வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அஞ்சு மாசமாவா?" என்றார்.  தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பம்ப் இல்லாத தண்ணீர்

டாக்டரின் விரல்கள் கழுத்திலும், இரண்டு அக்குளிலும், மிச்சமிருக்கும் மார்பிலும் மெதுவாக நடந்தன. ஸ்கேன் எழுதினார். முடிவு வர இரண்டு நாள். அந்த இரண்டு நாளைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. காத்திருந்தவர்களுக்குத் தெரியும், காத்திராதவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

"பழைய நோய் எங்கயும் இல்லீங்க" என்றார் டாக்டர். "ரத்தக் கட்டும் இல்லை. இது நிணநீர் தேங்குன வீக்கம். மொத மாசமே வந்திருந்தா இன்னும் சுலபம். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல."

நான் சிரித்தேன். சத்தமாக, கொஞ்சம் அசிங்கமாக. வாசலில் இருந்த நர்ஸ் எட்டிப் பார்த்தாள். வீட்டுக்காரர் எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் இரண்டு தேங்காய் பன் இருந்தன. டாக்டரின் மேஜையில் ஒன்றை வைத்தார். ஏன் வைத்தார் என்று அவருக்கும் தெரியவில்லை, டாக்டருக்கும் தெரியவில்லை.

அடுத்த அறையில் நித்யா இருந்தாள். பிசியோதெரபி பெண், இருபத்தைந்து வயது இருக்கலாம். பேனாவால் என் இரண்டு கைகளிலும் நான்கு விரல் இடைவெளியில் புள்ளி வைத்து, டேப்பால் அளந்தாள். இடது கை ஒரு கை. வலது கை ஒன்றேகால் கை.

"ரத்தத்துக்கு ஹார்ட்டுன்னு ஒரு பம்ப் இருக்குதுங்கம்மா. இந்த நிணநீருக்கு அப்படி ஒண்ணு இல்லீங்க. நீங்க கையை அசைச்சா, மூச்ச நல்லா இழுத்து உட்டா, அது கொஞ்சங் கொஞ்சமா நகரும். அது வடிஞ்சு போற வழியில அக்குள்ல இருந்த நெறிக்கட்டிகளை ஆபரேஷன்ல எடுத்துட்டாங்க. அதான் தேங்குது."

வீட்டுக்காரர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். முப்பது வருடமாக எரிந்துபோன பம்ப் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் புதுக் காயில் கட்டுகிறவர். பம்ப் என்ற வார்த்தை அவரை எங்கிருந்தாலும் எழுப்பிவிடும்.

"அப்ப வாய்க்கால் அடைப்புங்களா?"

"அப்படித்தாங்க சார்."

"நான் எண்ணெயச் சுட வெச்சு, அழுத்தி நீவி..."

நித்யா தயங்கினாள். "சூடு பட்டா இன்னும் தண்ணி உள்ள வருமுங்க சார். வடியறதுக்கு வழி இல்லையே. இது நிறைய வீட்டுல நடக்கறதுதான். அழுத்தித் தேய்க்கக் கூடாது, சூடு கூடாது. அவ்வளவுதான்."

அவர் தரையைப் பார்த்தார். நான் என் இடது கையால் அவர் முழங்காலைத் தொட்டேன்.

நீவுவது எப்படி என்று நித்யா செய்து காட்டினாள். முதலில் கழுத்து. பிறகு இடது அக்குள். போகிற இடத்தை முதலில் காலி செய்ய வேண்டுமாம். அப்புறம்தான் வலது கை, அதுவும் மேலிருந்து ஆரம்பித்து. "தோல் மட்டுந்தான் நகரோணும், சதை நகரக் கூடாது. கொழந்தை கன்னத்துல பவுடர் பூசறாட்ட."

போன வாரம் இந்தத் தொடரில், ஓரிடத்தில் உட்காராத என் கால்களைப் பற்றி எழுதியிருந்தேன். நடந்துகொண்டே எழுதுகிறவள், நின்றுகொண்டே சாப்பிடுகிறவள். அப்படிப்பட்டவளுக்கு வாழ்க்கை கொடுத்த மருந்து இதுதான்: அவசரப்பட்டால் வேலை செய்யாத ஒரு தொடுதல். அரை மணி நேரம், பட்டாம்பூச்சி சிறகை மூடித் திறக்கிற வேகத்தில். நாலு வரி எழுதினால் எழுந்துவிடுகிற நான், என் தோலுக்குக் கீழே ஒரு சின்ன ஓடை திசை திரும்பக் காத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

காயில் கட்டுகிறவர்

அப்புறம் கட்டு. விரல் ஒவ்வொன்றுக்கும் மெல்லிய துணி, அதன் மேல் பஞ்சு, அதன் மேல் நீளநீளமான பேண்டேஜ், அக்குள் வரை. நித்யா சுற்றச் சுற்ற வீட்டுக்காரர் கண் சிமிட்டாமல் பார்த்தார்.

"நான் ஒருக்காச் சுத்திப் பாக்கட்டுங்களா?"

சுற்றினார். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியில் சரியாக ஏறி உட்கார்ந்தது. ஒரு மடிப்பு இல்லை, ஒரு இடைவெளி இல்லை.

நித்யா குனிந்து பார்த்தாள். "சார், நீங்க இதுக்கு முன்னாடி எங்கயாச்சும் ஆஸ்பத்திரியில வேலை பாத்தீங்களா?"

"காயில் கட்டறனுங்க."

"ஒண்ணே ஒண்ணுதாங்க. எல்லா எடத்துலயும் ஒரே இழுப்பு வெச்சிருக்கீங்க. கைக்கு அப்படிக் கூடாது. மணிக்கட்டுகிட்ட நல்லாப் புடிக்கோணும். மேல போகப் போகத் தளர உடோணும். அப்பத்தான் தண்ணி மேல ஏறும். விரல் நுனி நீலம் பாரிச்சாலோ மரத்துப்போனாலோ உடனே பிரிச்சிரோணும்."

முப்பது வருடப் பழக்கத்தை அந்த மனிதர் அன்று மதியத்துக்குள் மாற்றிக்கொண்டார். கீழே இறுக்கம், மேலே தளர்வு. வீட்டுக்கு வந்தும் தன் தொடையைச் சுற்றிச் சுற்றிப் பழகினார்.

தினமும் காலையில் பட்டறைக்குப் போவதற்கு முன் கட்டைப் பிரித்து, கையைக் கழுவித் துடைத்து, கிரீம் பூசி, மறுபடியும் கட்டிவிடுவார். பேண்டேஜைப் பல்லில் கவ்விக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"அசையாத புள்ள. மோட்டாராச்சும் சொன்ன பேச்சுக் கேக்குது."

"மோட்டார் ஏனுங்க பேசும்? அதுக்கு வாயிருந்தா உங்களப் பத்தி எத்தனை சொல்லும்?"

கட்டோடுதான் பயிற்சி. விரலை மடக்கி விரிப்பது, முழங்கையை மடக்குவது, தோளைச் சுழற்றுவது. கட்டுக்கு எதிராகச் சதை அசையும்போது அதுதான் பம்ப். என் கையே எனக்கு மோட்டார். பயந்து பயந்து அந்தக் கையைச் சும்மா மடியில் வைத்திருந்ததும் தப்பு என்று நித்யா சொன்னாள். கனமே தூக்கக் கூடாது என்பதில்லையாம், கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டுமாம். மலை முழுக்க ஒரே நாளில் தொங்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு ஞாயிறும் வீட்டுக்காரர் டேப் பிடித்தார். புள்ளிக்குப் புள்ளி, நூல் நூலாக, வலது கை தன் அளவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

கூடை

இரண்டாவது வாரம் குமரேசன் கல்யாணப் பத்திரிகையோடு வந்துவிட்டான். கையை முந்தானைக்குள் ஒளிக்க நேரமில்லை. அந்தக் கட்டை ஒளிக்க முந்தானை போதாது, ஜமக்காளம் வேண்டும்.

"என்னக்கா இது?"

சொன்னேன். எல்லாவற்றையும். சொல்லிவிட்டு, "பொண்ணு ஊட்டுக்குத் தெரிய வேண்டாம் குமரேசா. கண்ணாலம் முடியட்டும்" என்றேன்.

அவன் சிரிக்க ஆரம்பித்தான். சோபாவில் சாய்ந்து சிரித்தான்.

"தேனுகிட்ட நான் மொத நாளு போன்லயே சொல்லிட்டனேக்கா."

"என்னன்னு?"

"என்ற அக்காளுக்கு மார்ல கேன்சர் வந்து நல்லாயிருச்சு, அதைத் தெரிஞ்சுக்கிட்டு மேல பேசறதுன்னாப் பேசலாம்னு. பத்துப் பொண்ணு பாத்துட்டேன், பதினொண்ணாவதுகிட்டப் பொய் சொல்லியா கட்டுவேன்?"

"அந்தப் புள்ள என்ன சொல்லுச்சு?"

"எந்தப் பக்கம்னு கேட்டுச்சு. வலதுன்னேன். அப்ப அந்தக் கைக்குக் கனம் ஆகாது, இணைச்சீர்க் கூடைய இடது கையில எடுத்துக்கச் சொல்லிருங்கன்னுச்சு."

ஐந்து மாதம். இரண்டு தையல். ஒரு வார்த்தை வெளியே போய்விடக் கூடாது என்று நான் என் கையையே பணயம் வைத்திருந்தேன். அந்த வார்த்தை எப்போதோ போய், நல்லபடியாகச் சேர்ந்து, எனக்காகக் கூடையைக்கூடக் கை மாற்றி வைத்திருந்தது. அழுகை வந்தது. குமரேசன் மறுபடியும் சிரித்தான். வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, "கட்டு நனையாமப் பாத்துக்க புள்ள" என்றார்.

ஜெசிந்தா சத்தியத்தைக் காப்பாற்றினாள். அன்று சொல்லி அன்றே தைத்தாள். அளவு ஜாக்கெட்டைத் தொடவில்லை. இரண்டு கையையும் தனித்தனியாக டேப்பால் அளந்து, வலது கையை மட்டும் அரை விரல் கூட வைத்து வெட்டினாள். கட்டை விட்டு அதற்கு முன்பே இறுக்கமான எலாஸ்டிக் உறைக்கு மாறியிருந்தேன். மணிக்கட்டிலிருந்து தோள் வரை, தோல் நிறம் என்று சொல்லி விற்கிறார்கள். யாருடைய தோல் என்று தெரியவில்லை. என்னுடையது இல்லை.

வெள்ளகோவில் மண்டபத்தில், சீர் செய்துவைக்கும் அருமைக்காரர் நான் கூடையை இடது கையில் வாங்கியதைப் பார்த்தார். உடனே கூட்டத்தில் நாலு குரல். வலதுதான் என்றார் ஒருவர். இல்லை, எப்போதும் இடதுதான் என்றார் இன்னொருவர். எங்கள் ஊரில் தோளில் வைப்போம் என்றார் மூன்றாமவர். பெரியவர் கையை உயர்த்தினார்.

"கூடை கீழ உழுகாம இருந்தாச் சரீங்க. அம்மணி, நீங்க நில்லுங்க."

நின்றேன். பக்கத்தில் என் தம்பி, பட்டு வேட்டியில், மீசைக்கு மை போட்டு. கூடைக்குள் வெற்றிலை வாசனை. வலது கை என் பக்கத்தில் இலேசாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நாள் முழுக்க அது கனக்கவே இல்லை.

திரும்பப் போட்ட தையல்

கை பழைய கை ஆகிவிட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய். ஒரு நூல் வித்தியாசம் இருக்கிறது. அது இருக்கும் என்கிறாள் நித்யா. காலையில் உறை, படுக்கும்போது கழற்றுவது. தினமும் கிரீம், தினமும் பயிற்சி. புதிதாகக் கையுறை வாங்கினேன். வலது கையில் எங்காவது சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால், மாத்திரை போட்டுப் பார்க்காமல் நேராக ஆஸ்பத்திரி. பிரிட்ஜ் காகிதத்தைப் புதிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். தக்காளிக் காந்தம் இப்போது மேலே, தலைப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

வால்பாறைக்கும் போய்வந்தேன். உட்கார்ந்து.

தீபாவளி கழிந்த வாரம், அந்தப் பழைய அளவு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு ஜெசிந்தாவிடம் போனேன். போட்டுக் காட்டச் சொன்னாள். வலது கைக்குள் ஒரு விரல் தாராளமாகப் போனது.

"புடிச்சிரலாமுங்க" என்றாள்.

மெஷின் ஓடியது. பிரித்த இரண்டாவது வரியின் மேலேயே புதுத் தையல் ஏறியது. பழைய ஊசித் துளைகள் சில வெளியே தெரிந்தன, எறும்பு போன தடம் மாதிரி. முதல் வரியை அப்படியே விட்டுவைத்தோம். இடது கையில் இரண்டையும் போட்டாள். அதற்கு இனி நடிக்க வேண்டிய வேலை இல்லை.

அப்போது ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், எனக்குத் தெரியாதவள். மஞ்சள் பையிலிருந்து ஒரு ஜாக்கெட்டை எடுத்துப் போட்டாள்.

"ஏனுங்க, இது கை புடிக்குது. ஒரு தையல் பிரிச்சு உடறீங்களா?"

ஜெசிந்தாவின் கால் மிதிப்பலகையில் நின்றுவிட்டது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"ஒரு கைக்குங்களா, ரெண்டு கைக்குங்களா?"

"ரெண்டுக்குந்தானுங்க."

"போட்டுக் காட்டுங்க."

"எதுக்குங்க? ஒரு தையல்தானுங்களே."

"போட்டுக் காட்டுங்க. உள்ள போங்க."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் திரையைக் கை காட்டினேன், வலது கையால். போய் மாட்டிக்கொண்டு வந்தாள். ஜெசிந்தா இடது கைக்குள் விரலை விட்டாள். போகவில்லை. வலது கைக்குள் விட்டாள். அதிலும் போகவில்லை. இன்னொரு முறை இரண்டையும் பார்த்தாள்.

"ரெண்டும் புடிக்குது!" என்றாள், ஏதோ பரிசு விழுந்த மாதிரி. "ஒரே மாதிரி புடிக்குது. பலகாரமுங்களா?"

"மைசூர்பாகுங்க" என்றாள் அவள், வெட்கப்பட்டுக்கொண்டு.

"நல்லாத் தின்னுங்க" என்றாள் ஜெசிந்தா. நாங்கள் இரண்டு பேரும் ஏன் இப்படிச் சிரிக்கிறோம் என்று அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. ஜெசிந்தா சிரித்துக்கொண்டே பிளேடை எடுத்து, முதல் தையலைப் பிரிக்கத் தொடங்கினாள்.